எஞ்சியவர்களின் சாட்சியம்

நீண்ட காலம் ஓடும் தொலைக்காட்சித் தொடர் ஒவ்வொன்றிலும் இரண்டு ஆயுள்கள் பிணைந்து கிடக்கின்றன. கதாபாத்திரத்தின் ஆயுளை எழுதுபவர் விரும்பிய மட்டும் நீட்டலாம். அதைத் தாங்கும் நடிகரின் காலமோ உடல்நலம், ஒப்பந்தம், ஊதியம், வேறு வாய்ப்பு, சலிப்பு, மரணம் என்று கதைக்கு வெளியே இருக்கும் காரணங்களுக்குக் கட்டுப்பட்டது. நாவலாசிரியருக்கு இந்தச் சிக்கல் இல்லை. மேடை நாடகத்தில் ஒரே வேடத்தை அடுத்தடுத்த தலைமுறையினர் ஏற்று நடிப்பது மரபு என்பதால், அரங்கில் அமர்பவர் வேடத்தையும் நடிகரையும் தனித்தனியே பார்க்கப் பழகியிருக்கிறார். தொலைக்காட்சியில் அந்த இடைவெளி அடைபட்டுவிடுகிறது. வாரந்தோறும் வீட்டுக்குள் வரும் முகமும் குரலும் நடையும் கதாபாத்திரமாகவே ஆகிவிடுவதால், நடிகர் விலகும்போது தன் உலகத்தின் ஒரு பகுதி எங்கே போயிற்று என்று தொடர் பதில் சொல்ல வேண்டியதாகிறது.

பிற வகைத் தொடர்களில் இதற்கென்று சில பழகிய வழிகள் உள்ளன. கதாபாத்திரம் வெளியூர் போய்விடுவார், விபத்தில் இறந்துவிடுவார், அல்லது ஒன்றும் நடக்காததுபோல அதே பெயரில் வேறொருவர் வந்து நிற்பார். அறிவியல் புனைவுக்கு இவற்றுக்கு மேலும் ஒரு வசதி உண்டு. உடல், நினைவு, காலம் ஆகியவற்றின் விதிகளைத் தானே வகுத்துக்கொள்ளும் இலக்கிய வகை அது என்பதால், நடிகரின் விலகலைத் தன் உலகத்தின் இயற்கை விதியாகவே அது ஆக்கிக்கொள்ள முடியும். ஆனால் விதியைக் கண்டுபிடித்ததோடு வேலை முடிந்துவிடுவதில்லை. அறுபது ஆண்டுகளைக் கடந்த பிரித்தானியத் தொடரான 'டாக்டர் ஹூ'வையும், அதன் அருகே வைத்துப் பார்க்கத்தக்க வேறு சில தொடர்களையும் கூர்ந்து நோக்கினால் ஒன்று தெளிவாகிறது: விலகலின் பாரத்தைப் பெரும்பாலும் சுமப்பவர்கள் கதைக்குள் எஞ்சி நிற்பவர்களே. அவர்கள் சந்தேகப்படவும் துக்கப்படவும், ஏற்கவும் மறுக்கவும் இடம் கொடுத்த தொடர்கள் விலகலால் ஆழம் பெற்றன. அந்த இடத்தைத் தராத தொடர்கள் இழப்பை மறைக்க முயன்று அதையே பெரிதாக்கிக்கொண்டன.

'டாக்டர் ஹூ' 1963 நவம்பர் 23 அன்று பிபிசியில் தொடங்கியது. வெளியே நீலநிறப் போலீஸ் தொலைபேசிப் பெட்டியாகவும் உள்ளே பெரிய கூடமாகவும் இருக்கும் டார்டிஸ் என்ற ஊர்தியில், காலத்திலும் வெளியிலும் பயணம் செய்யும் முதியவர் ஒருவரே அதன் மையம். இயற்பெயர் தெரியாத அவரை எல்லோரும் டாக்டர் என்றே அழைக்கிறார்கள். அந்த வேடத்தை ஏற்றவர் வில்லியம் ஹார்ட்னல். முதல் சீசனில் மட்டும் 42 பகுதிகள் ஒளிபரப்பாயின. சில நாள் ஒத்திகை, பிறகு ஒரே மாலையில் பெரும்பாலும் இடைநிறுத்தமின்றிப் பதிவு என்று வாரத்துக்கு ஒரு பகுதியாக ஆண்டின் பெரும்பகுதி உழைக்க வேண்டியிருந்தது. வெட்டி ஒட்டுவது செலவு மிகுந்த வேலையாக இருந்த காலம் என்பதால், வசனத்தில் தடுமாறினாலும் பல சமயம் அதுவே ஒளிபரப்பானது. 1964 டிசம்பரில் டாக்டரின் பேத்தி சூசனாக நடித்த கரோல் ஆன் ஃபோர்டும், 1965 ஜூனில் பள்ளி ஆசிரியர்கள் இயானாகவும் பார்பராவாகவும் நடித்த வில்லியம் ரஸ்ஸலும் ஜாக்குலின் ஹில்லும் விலகினர். தொடங்கியபோது இருந்த நால்வரில் ஹார்ட்னல் மட்டுமே மிஞ்சினார். உடன்பயணிகள் வருவதும் இறங்கிச் செல்வதும் தொடரின் இயல்பாகிவிட்டிருந்தாலும், டாக்டரே இறங்கிச் செல்வது யாரும் எண்ணிப் பார்த்திராத ஒன்றாக இருந்தது.

தமனித் தடிப்பு நோயால் ஹார்ட்னலின் நினைவாற்றல் தளரத் தொடங்கியதும், 1966இல் அந்த எண்ணிப் பாராதது நடந்தே தீர வேண்டியதாயிற்று. தயாரிப்பாளர் இன்னிஸ் லாய்டுக்கும் கதைப் பொறுப்பாளர் ஜெரி டேவிஸுக்கும் முன்னால் இருந்த எளிய வழி, ஹார்ட்னலைப் போலவே தோற்றமும் பேச்சும் கொண்ட ஒருவரைத் தேடிப்பிடிப்பது. அதை அவர்கள் தேர்ந்தெடுக்கவில்லை. டாக்டர் மனிதர் அல்லர், வேற்றுக் கோளைச் சேர்ந்தவர் என்பது முதலிலிருந்தே கதையில் இருந்ததால், உடல் தேய்ந்துபோகும்போது அது முழுவதுமாகப் புதுப்பித்துக்கொள்ளும் என்ற விதி உருவாயிற்று. பிற்காலத்தில் ரீஜெனரேஷன் என்று பெயர் பெற்ற இந்த உருமாற்றம், 1966 அக்டோபர் 29 அன்று ஒளிபரப்பான 'த டென்த் பிளானட்' கதையின் நான்காம் பகுதியின் முடிவில் நிகழ்கிறது: டார்டிஸின் தரையில் விழுந்து கிடக்கும் முதியவரின் முகம் வெண்ணொளியில் கரைந்து, பேட்ரிக் ட்ரௌட்டன் என்ற வேறொரு நடிகரின் முகமாகத் தெளிகிறது.

இந்த முடிவுக்கு முன்னால் நான்கு வாரங்கள் ஓடிய கதையோடு சேர்த்துப் பார்த்தால்தான் அதன் பொருள் விளங்கும். சைபர்மேன் என்ற உயிரினங்கள் முதன்முதலில் தோன்றிய கதை அது. மருத்துவ ஆய்வாளரான கிட் பெட்லரும் ஜெரி டேவிஸும் சேர்ந்து உருவாக்கிய இவர்கள், பூமியின் இரட்டைக் கோளான மோண்டாஸில் வாழ்ந்த மனிதர்கள். தளர்ந்த உறுப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றி உலோகத்தையும் நெகிழியையும் பொருத்திக்கொண்டு, கடைசியில் உணர்ச்சிகளையும் பலவீனம் என்று கழித்துவிட்டவர்கள். அந்த முதல் தோற்றத்தில் அவர்களின் முகத்தைத் துணி மூடியிருக்கிறது; ஆனால் கைகள் மட்டும் மூடப்படாமல், தோலும் விரலுமாக மனிதக் கைகளாகவே தெரிகின்றன. இயந்திரம் முழுதும் விழுங்காமல் விட்ட மிச்சமாக நிற்கும் அந்தக் கைகள், இழந்ததன் அளவை வசனத்தைவிடத் துல்லியமாகக் காட்டுகின்றன. தேய்ந்துபோகும் உடலை என்ன செய்வது என்ற ஒரே கேள்விக்கு இந்தக் கதை இரண்டு விடைகளை அருகருகே வைக்கிறது. சைபர்மேன்கள் எதையும் இழக்க மறுத்து, பகுதி பகுதியாக மாற்றிக்கொண்டே போய்த் தம்மையே இழக்கிறார்கள். டாக்டரோ உடலை முழுவதுமாக விட்டுக்கொடுத்துத் தம்மைக் காப்பாற்றிக்கொள்கிறார். நோயுற்ற நடிகர் ஒருவரை விடுவிக்க வேண்டிய கட்டாயத்தில் பிறந்த கதை, விடைபெறுதலைப் பற்றிய தன் நிலைப்பாட்டை இவ்வாறு வகுத்துக்கொண்டது.

ஆயினும் விதியைச் சொல்லிவிட்டால் பார்வையாளர் நம்பிவிடுவார் என்று தொடர் எண்ணவில்லை. அடுத்த வாரம், 1966 நவம்பர் 5 அன்று தொடங்கிய 'த பவர் ஆஃப் த டாலெக்ஸ்', நம்பிக்கை உருவாவதற்கு ஆகும் காலத்தையே தன் முதல் பொருளாக எடுத்துக்கொள்கிறது. டார்டிஸுக்குள் இரு உடன்பயணிகள் நிற்கிறார்கள். பாலி என்ற இளம்பெண், எதிரில் இருப்பவர் டாக்டராகவே இருக்க வேண்டும் என்று ஏற்க முனைகிறாள். கப்பல் மாலுமியான பென்னோ அந்நியர் ஒருவர் புகுந்துவிட்டதாகவே கருதுகிறான். முந்தைய டாக்டர் அணிந்திருந்த மோதிரத்தைப் புதியவர் விரலில் போட்டுப் பார்க்க, அது பொருந்தாமல் கழன்றுவிடுகிறது. பென்னின் ஐயத்துக்கு அதுவே சான்றாகிறது. புதியவரோ டாக்டரைப் பற்றி வேறு யாரையோ பற்றிப் பேசுவதுபோலப் பேசி, கேள்விகளுக்கு நேராக விடை தராமல் ரெக்கார்டர் என்ற சிறு குழலை எடுத்து ஊதத் தொடங்குகிறார். வீட்டில் அமர்ந்திருந்த பார்வையாளர் கேட்க விரும்பிய கேள்விகள் அனைத்தையும் பென் கேட்டுவிடுகிறான். அவர் கொள்ள விரும்பிய நம்பிக்கையைப் பாலி கொள்கிறாள். இருவரில் யாரையும் கதை முட்டாளாக்கவில்லை.

ஐயம் தீரும் விதம் இன்னும் கூர்மையானது. டாலெக் என்பது டாக்டரின் தலையாய பகையினம். உலோகக் கூட்டுக்குள் வாழும், வெறுப்பைத் தவிர வேறெதையும் அறியாத உயிர். முகம் மாறி வந்தவரை அந்த டாலெக் பார்த்த மாத்திரத்தில் அடையாளம் கண்டுகொள்கிறது. மோதிரம் மறுத்ததைப் பகைவன் உறுதி செய்கிறான். ஒருவரை அவராக ஆக்குவது அவரது முகமோ உடைமையோ அல்ல, அவர் யாருக்காக நிற்கிறார், யாரை எதிர்க்கிறார் என்பதே என்ற முடிவை எந்த விளக்க உரையும் இல்லாமல் அந்தக் காட்சி நிலைநாட்டிவிடுகிறது. இந்தக் கதையின் ஆறு பகுதிகளில் ஒன்றுகூட பிபிசியின் காப்பகத்தில் முழுப் படமாக இன்று இல்லை. பழைய ஒளிநாடாக்களை அழித்து மீண்டும் பயன்படுத்திய காலத்தில் அது தொலைந்தது. ஒலிப்பதிவும் நிழற்படங்களும் சில துணுக்குகளும் மட்டுமே எஞ்சியுள்ளன. அந்தச் சிறு எச்சத்தைக் கொண்டே அதன் அறிவார்ந்த துணிவை இன்றும் உணர முடிவது அந்த எழுத்தின் வலிமை.

இவ்வாறு ஒருமுறை கண்டெடுத்த விதி, அடுத்தடுத்த விலகல்களால் வரலாறும் சட்டமும் கொண்டதாக வளர்ந்தது. 1969இல் ட்ரௌட்டன் விலகியபோது, 'த வார் கேம்ஸ்' என்ற பத்துப் பகுதிக் கதையில் டாக்டரின் இனத்தாரான கால அதிபர்கள் முதன்முறையாகத் தோன்றி, அவரை விசாரித்து, முகத்தை மாற்றிப் பூமிக்கு நாடுகடத்துகிறார்கள். ஒரு நடிகர் போக வேண்டியிருந்ததால் ஒரு முழு இனமும் அதன் நீதிமன்றமும் கதைக்குள் வந்தன. டாக்டரின் சமபலமுள்ள எதிரியான மாஸ்டராக நடித்த ரோஜர் டெல்காடோ 1973 ஜூனில் துருக்கியில் நடந்த கார் விபத்தில் இறந்தார். அவரது இடத்தில் அவரைப் போன்ற ஒருவரை உடனே நிறுத்தத் தொடர் முனையவில்லை. மூன்றாண்டுகளுக்குப் பிறகு, ராபர்ட் ஹோம்ஸ் எழுதிய 'த டெட்லி அசாசின்' கதையில், சதை அழுகி உயிரை மட்டும் பிடித்துக்கொண்டிருக்கும் உருவமாக மாஸ்டர் மீண்டும் வந்தபோது, கால அதிபர் ஒருவர் பன்னிரண்டு முறைதான் உருமாற முடியும் என்ற வரம்பும் உடன் வந்தது. ஓர் எதிரியின் வெறியை விளக்க வகுத்த அந்த வரம்பு, 2013இல் மேட் ஸ்மித் விலகிய கதையில் டாக்டரையே எட்டிப் பிடிக்கிறது. அங்கும் அவருக்குப் புதிய ஆயுள் கிடைப்பது அவரது சாமர்த்தியத்தால் அல்ல. உடன்பயணி கிளாரா, காலத்தின் சுவரில் விழுந்த பிளவின் முன் மண்டியிட்டு, அப்பால் இருக்கும் கால அதிபர்களிடம் அவருக்காக மன்றாடியதால்தான்.

இந்தத் தொடர் வழுக்கிய இடங்களும் இதே அளவுகோலுக்கு உட்பட்டவை. 1982 மார்ச்சில், அட்ரிக் என்ற இளம் உடன்பயணி, கணிதத் திறமைக்காகத் தான் பெற்ற பதக்கம் நொறுங்கிக் கிடக்க, பூமியில் மோதும் விண்கலத்திலேயே இறந்துபோகிறான். அந்தப் பகுதியின் இறுதிப் பெயர்ப்பட்டியல் வழக்கமான இசை இல்லாமல் முழு மௌனத்தில் ஓடியது. பார்வையாளரின் துக்கத்துக்குத் தரப்பட்ட அந்த மரியாதை, கதைக்குள் இருந்தவர்களுக்குத் தரப்படவில்லை. அடுத்த கதையின் தொடக்கத்தில், காலத்தில் பின்னோக்கிச் சென்று அவனைக் காப்பாற்றக் கோரும் இரு தோழிகளுக்கு டாக்டர் மறுப்புச் சொல்லி, மனத்தைத் தேற்ற 1851ஆம் ஆண்டின் லண்டன் பெருங்கண்காட்சிக்கு அழைத்துப் போவதாகக் கூற, கதை வேறு பக்கம் திரும்பிவிடுகிறது. 1987இல் நிலைமை இன்னும் மோசமானது. முந்தைய ஆண்டு பிபிசியால் நீக்கப்பட்ட காலின் பேக்கர் உருமாற்றக் காட்சிக்காக மட்டும் திரும்பி வர மறுத்தார்; புதிய நடிகர் சில்வெஸ்டர் மெக்காய் அவரது தலைமுடியைப் போன்ற பொய்முடியை அணிந்து தரையில் கிடக்க, சில நொடிகளில் எல்லாம் முடிந்தது. உடன்பயணி மெல்லும் அப்போது மயங்கிக் கிடக்கிறாள். பார்த்துக் கலங்க ஒருவரும் இல்லாத அந்த உருமாற்றம், தொடரின் வரலாற்றிலேயே மிக வெறுமையான ஒன்றாக நிற்பதற்கு முதன்மைக் காரணம் பொய்முடி அல்ல, சாட்சி இல்லாமையே.

மறுதிசையில், விலகிச் சென்ற உடன்பயணியை எஞ்சியவராகப் பார்க்கவும் இந்தத் தொடர் கற்றுக்கொண்டது. எலிசபெத் ஸ்லேடன் நடித்த சாரா ஜேன் ஸ்மித், 1976இல் 'த ஹேண்ட் ஆஃப் ஃபியர்' முடிவில் பூமியில் இறக்கிவிடப்படுகிறாள். கால அதிபர்களின் கோளுக்கு மனிதர்களை அழைத்துச் செல்ல இயலாது என்பது காரணம். முப்பது ஆண்டுகள் கழித்து, 2006இல் 'ஸ்கூல் ரீயூனியன்' என்ற பகுதியில் அதே நடிகை அதே பாத்திரமாகத் திரும்பி வந்து, ஏன் தன்னைத் தேடி வரவில்லை என்று வேறு முகம் கொண்ட டாக்டரைக் கேட்கிறாள். காத்திருந்து மூப்படைந்தவளும் மூப்படையாமல் முகம் மாறியவரும் எதிரெதிரே நிற்கும் அந்தச் சந்திப்பு, இறங்கிச் சென்ற உடன்பயணி ஒவ்வொருவருக்கும் பிந்தைய வாழ்வு ஒன்று இருந்திருக்கும் என்பதைப் பார்வையாளருக்கு உணர்த்துகிறது. அதன் பயனாக, 1964இல் சூசன் இறங்கிய காட்சியைக்கூட இன்று பார்ப்பவர் புதிய கனத்தோடுதான் பார்க்க முடியும்.

மற்றத் தொடர்களும் இதே கேள்வியைத் தத்தம் வழியில் எதிர்கொண்டன. 'பிளேக்ஸ் செவன்' என்ற பிரித்தானியத் தொடரில், கொடுங்கோல் அரசை எதிர்த்த கலகக்காரன் பிளேக்காக நடித்த கேரத் தாமஸ் இரண்டாம் சீசனுக்குப் பின் விலகினார். தலைப்பில் பெயர் இருக்க, நாயகன் இல்லாமலே தொடர் மேலும் இரண்டு சீசன்கள் ஓடியது. பிளேக்கை ஒருபோதும் முழுதாக நம்பாத ஏவன் தலைமை ஏற்கிறான். ஆனால் அவனைத் தேடுவதை அவனால் விடவும் முடியவில்லை. 1981 டிசம்பர் 21 அன்று ஒளிபரப்பான இறுதிப் பகுதியில் பிளேக்கைக் கண்டடையும் ஏவன், அவன் காட்டிக்கொடுத்துவிட்டதாகத் தவறாக எண்ணிச் சுட்டுக் கொல்கிறான். தாமஸ் திரும்பி வந்ததே தன் பாத்திரத்துக்கு ஐயமற்ற முடிவு வேண்டும் என்ற நிபந்தனையோடுதான். நடிகர் ஒருவர் விட்டுச் சென்ற வெற்றிடம் இரண்டாண்டுகளாக ஏவனின் மனத்தை அரித்துவந்ததாலேயே அந்த முடிவு வெறும் அதிர்ச்சியாக நின்றுவிடாமல் துன்பியலாகிறது.

'ஸ்டார் ட்ரெக்: த நெக்ஸ்ட் ஜெனரேஷன்' தன் பிழையைத் தானே திருத்திக்கொண்டது. பாதுகாப்பு அதிகாரி டாஷா யாராக நடித்த டெனிஸ் கிராஸ்பி விலக விரும்பியதால், 1988இல் அந்தப் பாத்திரம் ஓர் அற்பக் கணத்தில், காரணமற்ற கொடுமைக்கு இரையாகிறது. 1990இல் வரலாறு மாறிப்போன வேறொரு காலப்போக்கில் டாஷா உயிரோடு திரும்புகிறாள். இயல்பான காலத்தில் தான் வெறுமையான சாவைச் சந்தித்தவள் என்று அறிந்ததும், பொருளுள்ள சாவைத் தேடி அழியப்போகும் கப்பலில் ஏறுகிறாள். முந்தைய முடிவின் மீதான விமரிசனத்தைத் தொடர் அதற்கு ஆளான பாத்திரத்தின் வாயாலேயே சொல்ல வைத்தது.

'டீப் ஸ்பேஸ் நைன்' தொடரில் வரும் டிரில் இனத்தாரின் நிலை, கூடுவிட்டுக் கூடு பாயும் கதைகளை அறிந்த தமிழ் வாசகருக்கு எளிதில் விளங்கும். நெடுநாள் வாழும் ஓர் உயிர் அடுத்தடுத்த மனிதர்களின் உடலுக்குள் குடியேறி, அவர்கள் அனைவரின் நினைவையும் சுமந்து செல்கிறது; ஆனால் ஏந்தும் உடலுக்கும் தன் சொந்த மனம் உண்டு. 1998இல் ஜட்ஸியா டாக்ஸாக நடித்த டெர்ரி ஃபாரல் ஒப்பந்தக் காலம் முடிந்து விலகியதும், அவள் கொல்லப்பட, உள்ளிருந்த உயிர் எஸ்ரி என்ற இளம்பெண்ணிடம் சேர்கிறது. ஜட்ஸியாவின் கணவன் வோர்ஃப் இறந்த மனைவியின் நினைவெல்லாம் கொண்ட அந்நியப் பெண்ணைக் கண்டு விலகி நடக்கிறான். முற்பிறவித் துணையோடு உறவைத் தொடர்வது டிரில் சமூகத்தில் பெருங்குற்றம் என்று 1995இலேயே ஒரு பகுதி நிறுவியிருந்ததால், அவனது விலகலுக்கும் அவளது தவிப்புக்கும் முன்பே அடித்தளம் இருந்தது. உருமாற்றத்தைக் கணவனின் துக்கத்தின் வழியே காட்டிய அந்தக் கதைகள், தொடர்ச்சி வேறு, இழப்பு இல்லாமை வேறு என்பதைத் தெளிவாகப் பிரித்துவைத்தன.

எஞ்சியவர்களின் கடமை திரைக்கு வெளியேயும் நீள்கிறது என்பதற்கு 'பாபிலோன் ஃபைவ்' சான்று. முதல் சீசனின் நாயகன் ஜெஃப்ரி சின்க்ளேராக நடித்த மைக்கேல் ஓஹேர் அந்தச் சீசனோடு விலகியபோது காரணம் வெளியிடப்படவில்லை. கடும் மனநோயோடு அவர் போராடிக்கொண்டிருந்ததை, அவர் 2012இல் இறந்த பிறகே, அவரது விருப்பப்படி, தொடரை உருவாக்கிய ஜே. மைக்கேல் ஸ்ட்ராசின்ஸ்கி உலகுக்குச் சொன்னார். அந்த நெடிய மௌனத்துக்குள் ஒரு நடிகரின் மானம் காக்கப்பட்டது. 1996இல் ஓஹேர் இரண்டு பகுதிகளுக்குத் திரும்பியபோது, சின்க்ளேர் ஆயிரம் ஆண்டுகள் பின்னோக்கிச் சென்று, வேற்றினம் ஒன்று வழிபடும் முன்னோனாகவே ஆகிவிடுகிறான்; பாதியில் போனவர் கதையின் மூலத்துக்கே போய்ச் சேர்கிறார். எழுத்தாளர் தம் நடிகருக்குச் செய்த மரியாதையும் கதையின் தேவையும் அங்கே ஒன்றாகிவிட்டன.

2005இல் 'டாக்டர் ஹூ' மீண்டும் தொடங்கியபோது, கிறிஸ்டோபர் எக்கிள்ஸ்டன் 13 பகுதிகளோடு விலகினார். அடுத்து வந்த கிறிஸ்துமஸ் பகுதியில் புதிய டாக்டர் டேவிட் டென்னன்ட் பெரும்பாலான நேரம் படுக்கையில் மயங்கிக் கிடக்க, உடன்பயணி ரோஸ் தன்னை அவர் விட்டுப் போய்விட்டதாகவே அழுகிறாள். புதியவரை அறிமுகம் செய்ய வேண்டிய நேரத்தைப் பழையவருக்கான துக்கத்துக்கு ஒதுக்கும் துணிவு அது. 2014இல் பீட்டர் கபால்டி வந்தபோது, வயது கூடிய புதிய முகத்தை ஏற்கத் தயங்கும் கிளாராவுக்கு முந்தைய டாக்டரே கடந்த காலத்திலிருந்து தொலைபேசியில் பேசி, அவர் அஞ்சிக்கொண்டிருக்கிறார், அவருக்குத் துணை தேவை என்று வேண்டுகிறார். தன்னை ஏற்குமாறு கேட்கும் உரிமைகூட வந்தவருக்குத் தானாகக் கிடைத்துவிடாது, எஞ்சியவர் அதைத் தர வேண்டும் என்பதை அந்தக் காட்சி வெளிப்படையாகவே ஏற்கிறது. 1966இல் பென்னும் பாலியும் நின்ற இடத்தில்தான் ரோஸும் கிளாராவும் நிற்கிறார்கள்.

ஆகவே, நீண்ட தொடரின் உயிர் எதில் இருக்கிறது என்ற கேள்விக்கு, நாயகனிடத்தில் என்றோ, கதைக்கருவில் என்றோ விடை கூறுவது போதாது. ஒருவரை இழந்து, இன்னொருவரை ஏற்று, இருவருக்கும் இடையே தொடர்ச்சி உண்டா என்று தாமே ஆராய்ந்து தீர்ப்பளிக்கும் மனிதர்கள் கதைக்குள் இருக்கும் வரை, எத்தனை முகங்கள் மாறினாலும் தொடர் தன்னை இழப்பதில்லை. நடிகர் ஒருவர் விலகும் செய்தி வந்தவுடன், அவருக்குப் பதில் யார் என்று தயாரிப்பாளர்கள் தேடத் தொடங்குவது இயல்பு. அதற்கு முன் எழுத்தாளர் கேட்க வேண்டியது, இந்தக் கதையில் அவருக்காக வருந்தப் போவது யார், அந்த வருத்தத்துக்கு எத்தனை பகுதிகள் ஒதுக்கப் போகிறோம் என்பதே. அந்தக் கேள்விக்கு நேர்மையாக விடை கண்ட தொடர்கள், வந்தவருக்கு நியாயமான ஒரு தொடக்கத்தையும் சென்றவருக்கு அழியாத ஓர் இடத்தையும் ஒருசேரத் தந்திருக்கின்றன.